ஏஜென்ட் நீலமேகமும் ரயில் அக்காவும்

அக்காவிடம் ஒரு விஷயத்தைச் சொல்வதும் மாரிகுப்பம் ஸ்டேஷனில் மைக் பிடித்துச் சொல்வதும் ஒன்றுதான். மைக்காவது சில நாள் வேலை செய்யாது.

தங்கவயலிலிருந்து பெங்களூருக்குத் தினமும் போய்வரும் கூட்டத்தில் செல்வி என்கிற நானும் ஒருத்தி. இருட்டு பிரியும் நேரத்தில் மாரிகுப்பத்தில் கிளம்பும் ரயிலில், கடைசியிலிருந்து மூன்றாவது பெட்டி எங்களுடையது. எங்களுடையது என்றால், ரயில்வேக்குத் தெரியாமல் எங்களுடையது. யார் எங்கே உட்கார வேண்டும் என்பது எழுதி ஒட்டாத சட்டம். ஒரு மூலையில் என் சித்தப்பாவின் சீட்டாட்டம், எதிர் மூலையில் சாலமோன் அண்ணனின் ஜெபக் கூட்டம், நடுவில் ஜன்னலோரம் அக்கா. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் அந்தப் பெட்டியில் யாருமில்லை. நேற்று வேலைக்குச் சேர்ந்தவளுக்கும் அக்கா, அடுத்த மாதம் ரிட்டயர் ஆகிறவருக்கும் அக்கா. நானும் பெயரை எழுதப் போவதில்லை.

ஐம்பதைத் தொட்ட வயது. மர்பி டவுன் பக்கத்தில் ஒரு பல் டாக்டரிடம் ரிசப்ஷனில் வேலை. அங்கேயும் இதே கதைதான். "டாக்டரு வலிக்காதுன்னு சொல்லுவாரு. வலிக்கும். பத்து நிமிஷம் நல்லா வலிக்கும், அப்பறம் ஒண்ணுமில்ல" என்று காத்திருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவார். டாக்டர் இரண்டு முறை கோபித்துக்கொண்டார். பிறகு, அக்கா லீவு போட்ட நாட்களில் பேஷண்ட்கள் அதிகம் பயப்படுகிறார்கள் என்று கண்டுபிடித்து விட்டுவிட்டார்.

எங்கள் பெட்டியில் ஒருவர் ரிட்டயர் ஆனபோது அவருக்குத் தெரியாமல் பரிசு வாங்கலாம் என்று காதும் காதும் வைத்த மாதிரி ஏற்பாடு செய்தோம். அக்கா நேராக அவரிடமே போய், "உனக்கு சொட்டர் வாங்கறாங்கப்பா. நேவி ப்ளூவா, மெரூனா? இப்பவே சொல்லிடு, அப்பறம் மாத்தித் தர மாட்டான்" என்றார். அவர் மெரூன் என்றார். மெரூன் ஸ்வெட்டரே வாங்கினோம். விழாவன்று அந்த மனிதர் ஆச்சரியப்பட்ட மாதிரி நடித்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை.

இன்னொரு நாள் டிக்கெட் பரிசோதகர் ஏறினார். அவர் யாரையும் ஒன்றும் கேட்பதற்குள் அக்கா எழுந்து நின்று, "அந்த அண்ணனுக்கு பாஸ் நேத்தோட முடிஞ்சிபோச்சி சார். சாயங்காலம் எடுத்துடுவாரு, விட்டுடுங்க" என்றார். அந்த அண்ணன் ஒரு வாரம் அக்காவோடு பேசவில்லை. அபராதம் போடவில்லை என்பது வேறு விஷயம்.

"ஏன்க்கா இப்படி ஓட்ட வாயா இருக்கீங்க?" என்று நான் ஒருமுறை பட்டென்று கேட்டே விட்டேன். எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம். அக்கா கோபிக்கவில்லை. டிபன் டப்பாவைத் திறந்து எனக்கு ஒரு இட்லியை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னார்.

"எங்கப்பாவுக்கு மைன்ல கால் போச்சில்ல, அன்னிக்கு எங்க மைன் லைன் வீடுங்கள்ல எல்லாருக்கும் தெரியும். எங்கம்மாவுக்கு மட்டும் ஒருத்தரும் சொல்லல. பாவம்னு நெனச்சிக்கினாங்களாம். எங்கம்மா, அவரு ஷிப்ட் முடிஞ்சி வருவாருன்னு குளிக்கத் தண்ணி போட்டு வச்சிக்கினு குந்தினு இருந்தா. தண்ணி மூணு தடவ ஆறிப்போயி மூணு தடவ காய வச்சா. எனக்கு ஒம்பது வயசு. எனக்கும் தெரியும். நானும் சொல்லல." இட்லியை என் பக்கம் தள்ளினார். "அதுக்கப்பறம் எதையும் வயித்துல வச்சிக்க முடியலடி எனக்கு."

அதன் பிறகு நான் அவரை ஓட்டை வாய் என்று சொல்வதில்லை. மனதுக்குள் நினைத்துக்கொள்வதோடு சரி.

அக்காவுக்கு இருந்த ஒரே பைத்தியம் ஏஜென்ட் நீலமேகம். அந்தத் துப்பறியும் நாவல்களைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: நீலமேகம் இந்திய உளவுத் துறையின் ஆள். வெளியே பார்த்தால் கடிகாரம் பழுது பார்ப்பவர். மாதம் ஒரு நாவல், ஒவ்வொன்றிலும் ஒரு துரோகி. யார் துரோகி என்று கடைசி இரண்டு பக்கத்தில்தான் தெரியும். பஸ் ஸ்டாண்டு கடைகளில் கட்டுக்கட்டாக விற்றுத் தீர்ந்த வரிசை அது. எழுதியவர் காலமானதும் நின்றுபோனது.

எங்கள் பெட்டியில் யாராவது பழைய நீலமேகம் நாவல் ஒன்றை விரித்தால் அவர்கள் கதி அதோகதி. அட்டைக்கு பேப்பர் போட்டு மறைத்தாலும் பலிக்காது. எட்டிப் பார்த்து நாலு வரி படித்தால் போதும், எந்தக் கதை என்று அக்காவுக்குத் தெரிந்துவிடும். "ஓ, இதுவா? போஸ்ட்மாஸ்டர்தான் துரோகி" என்பார். கேட்டால், "முடிவு தெரிஞ்சா பயமில்லாம படிக்கலாம் இல்ல?" என்று நமக்கு உபகாரம் செய்த முகத்தோடு உட்கார்ந்திருப்பார்.

படிப்பதோடு நிற்கவில்லை. வருடக்கணக்காகச் சென்னையிலிருந்த பதிப்பகத்துக்குக் கடிதம் போட்டிருக்கிறார். போன மாதம் இடது தோளில் பட்ட குண்டு இந்த மாதம் வலது தோளில் வலிப்பது எப்படி? நீலமேகம் ஏறிய ரயில் அந்த ஸ்டேஷனில் நிற்கவே நிற்காதே, எப்படி இறங்கினார்? இந்த மாதிரி. சில கடிதங்கள் பின்பக்கத்தில் அச்சாகின. கீழே 'ஒரு வாசகி, கோலார் தங்கவயல்' என்று மட்டும் இருக்கும். பெயர் போட்டதே இல்லை. அந்தப் பக்கங்களைக் கத்தரித்து ஒரு பழைய அப்பாயின்ட்மென்ட் டைரிக்குள் வைத்திருந்தார். "பேரு போட்டா என்னா, கை தேஞ்சிடுமா இவங்களுக்கு?" என்று டைரியை மூடும்போதெல்லாம் சொல்வார்.

ஒரு வியாழக்கிழமை காலை சாம்பியன் ஸ்டேஷனில் ஏறிய அக்கா, சீட்டில் உட்காரவில்லை. பெட்டி நடுவில் நின்று இரண்டு கையையும் தட்டினார். சீட்டாட்டம் நின்றது.

"எல்லாரும் கேளுங்க. தனித்தனியா சொன்னா ஒருத்தர் ஒரு மாதிரி சொல்லி வதந்தியாயிடும். நீலமேகம் புதுக் கதை வருது. அத எழுதப்போறது நான்தான். யாருக்கும் தெரியக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. அதனால யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க."

நூறு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

விஷயம் இதுதான். இறந்தவரின் குடும்பம் சம்மதித்து, பதிப்பகம் வரிசையைத் தொடர முடிவு செய்திருந்தது. பழைய கடிதங்களைப் பார்த்து அக்காவைத் தேடிப்பிடித்து, மூன்று அத்தியாயம் எழுதி வாங்கி, சரி என்றுவிட்டார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. 'புதிய நீலமேகத்தை எழுதுவது யார்?' என்று வாசகர்களை ஊகிக்கச் சொல்லிப் போட்டி வைக்கிறார்கள். புத்தகம் வெளியாகும் நாள் வரை பெயர் வெளியே தெரியக் கூடாது. தெரிந்துவிட்டால் போட்டி வீண். அப்படி ஆகிவிட்டால் அட்டையில் பழைய ஆசிரியர் பெயர் மட்டும்தான் இருக்கும், அக்காவின் பெயர் வராது.

"எழுதறது யாருன்னா எழுதட்டும்னு உட்டுடுவேன்டி. ஆனா பேரு வேணும் எனக்கு" என்று என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்றைக்கே டேகல் ஸ்டேஷன் தாண்டுவதற்குள் பெட்டி ஒரு முடிவுக்கு வந்தது. சாலமோன் அண்ணன் எழுந்து, "இந்த விஷயம் இந்தப் பெட்டியத் தாண்டி வெளிய போகக் கூடாது. வீட்ல பொண்டாட்டிகிட்ட கூட சொல்லக் கூடாது" என்றார். "பொண்டாட்டி அடுத்த சீட்ல குந்தினு இருந்தா?" என்று ஒருவர் கேட்டார். "அவங்களுக்குத்தான் தெரியுமே, அப்பறம் எதுக்கு சொல்ற" என்று என் சித்தப்பா அதட்டினார். சித்தப்பா அதட்டினால் அதுவே கடைசித் தீர்ப்பு.

ஏழு மாதம் அந்த நாவல் எங்கள் பெட்டியில்தான் எழுதப்பட்டது. காலையில் போனில் கட்டை விரலால் தட்டுவார், மாலையில் படித்துக் காட்டுவார். ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். பெங்களூர் ஒக்கலிபுரம் சப்வேயில் ஒரு சேஸிங் வேண்டும் என்று ஒரு கோஷ்டி. மழை பெய்தால் அங்கே நீலமேகம் நீந்தத்தான் வேண்டும் என்று இன்னொரு கோஷ்டி. தன்னை எப்படியாவது ஒரு அடியாளாகவாவது போடும்படி ஒருவர் தினமும் வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தார்.

சிக்கல் துரோகியில் வந்தது. முதல் வாரத்திலேயே, "தூதரகத்து சமையல்காரன்தான் துரோகி" என்று அக்கா எல்லோரிடமும் சொல்லிவிட்டார். பிறகு அவருக்கே சப்பென்று போய்விட்டது. எல்லோருக்கும் தெரிந்த துரோகி என்ன துரோகி? சமையல்காரனை நல்லவனாக்கிவிட்டு டாக்டரைத் துரோகியாக்கினார். அதையும் சொல்லிவிட்டார். பிறகு நீலமேகத்தின் மேலதிகாரி. அதையும் சொன்னார். இப்படி ஐந்து பேர் மாறினார்கள். ஒவ்வொருவர் மேலும் சந்தேகம் வரும்படி எழுதி, பாதியில் விட்டு, அடுத்தவருக்குப் போனதில் கதை அப்படி முறுக்கிக்கொண்டது. பதிப்பகத்து எடிட்டர் போன் செய்து, "யார் துரோகின்னு கடைசி வரைக்கும் கண்டுபிடிக்கவே முடியல, எப்படிம்மா இப்படி யோசிச்சீங்க?" என்று அசந்துபோனாராம். ரகசியம் காக்கத் தெரியாததால் வந்த வினை என்று அவருக்கு யார் சொல்வது?

இந்தச் சமயத்தில்தான் நானும் ஒரு காரியம் செய்தேன். என் ஆபீஸில் வேலை செய்யும் ஒருவரும் நானும் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவு செய்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவர்கள் கன்னடக்காரர்கள், சிந்தாமணிப் பக்கம். எங்கள் வீட்டில் சொல்லவில்லை. அப்பா இல்லை, சித்தப்பா சொல்வதுதான் எங்கள் வீட்டில் நடக்கும். அவரோடு தினமும் ஒரே பெட்டியில் நாலு மணி நேரம் போய்வருகிறேன், வாய் திறக்க முடியவில்லை. ஒரு நாள் சாயங்கால ரயிலில் மனசு தாங்காமல் அக்காவிடம் சொல்லிவிட்டேன். சொன்ன மறு நிமிடமே தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் ஒரு வாரமாகியும் ஒன்றும் நடக்கவில்லை. நாவல் மும்முரத்தில் மறந்திருப்பார் என்று நிம்மதியாக இருந்தேன்.

புத்தகம் வெளிவர இருபது நாள் இருக்கும்போது பதிப்பகம் ஆர்வத்தைக் கூட்டுவதற்காக ஒரு துப்பு வெளியிட்டது. 'எழுதியவர் தங்கவயலின் மகள். நாவல் முழுக்க ஓடும் ரயிலில் எழுதப்பட்டது.' ஞாயிற்றுக்கிழமை அது எல்லார் வாட்ஸப்பிலும் வந்தது. திங்கட்கிழமை காலை பங்காருபேட்டையில் எங்கள் பெட்டியில் ஒரு புதிய ஆள் ஏறினார். கையில் போன், சட்டையில் சின்ன மைக், தலையில் தொப்பி. புத்தகங்களைப் பற்றிப் பேசும் யூடியூப் சேனல்காரர், சென்னையிலிருந்து வந்திருந்தார்.

"வணக்கம் சார், இந்த ட்ரெயின்ல நாவல் எழுதற ஒரு மேடம் வர்றாங்களாமே?" என்று நேராகச் சித்தப்பாவிடம்தான் கேட்டார்.

"நாவலா? நமக்கு ராஜா ராணிதான் சார் தெரியும்" என்று சித்தப்பா சீட்டை விசிறினார்.

அடுத்தவர், எழுதுகிற அம்மா அடுத்த ரயிலில் வருவதாகச் சொன்னார். அதற்கடுத்தவர், போன ரயிலிலேயே போய்விட்டதாகச் சொன்னார். வாழைப்பழக்காரர் கன்னடத்தைத் தவிர வேறெதுவும் தெரியாதவர்போலத் திருதிருவென்று விழித்தார். எல்லோரும் நன்றாகத்தான் பொய் சொன்னார்கள். பயம் அவர்களைப் பற்றி இல்லை. நான் அக்காவைப் பார்த்தேன். முந்தானையை முறுக்கிக்கொண்டு, உதடு துடிக்க, தும்மல் வரப்போகிற ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அந்த மனிதர் அவர் எதிரிலேயே வந்து நின்றார். "மேடம், நீங்க புக்ஸ் படிப்பீங்களா?"

"படிப்பேனே" என்றார் அக்கா. "அதுவும் நீலமேகம்னா…"

"ஜெபம் பண்ணுவோம்!" என்று சாலமோன் அண்ணன் கத்தினார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தினமும் மாலூர் தாண்டியதும் எங்கள் பெட்டியில் ஐந்து நிமிடம் ஜெபம் உண்டு. சாலமோன் அண்ணன் லிப்ட் ரிப்பேர் செய்பவர். ஜெபம் அவர் பொறுப்பு. நாங்கள் இந்து, அக்கா கிறிஸ்தவர், பக்கத்து சீட்டில் பௌத்தர்கள். யாராக இருந்தாலும் அந்த ஐந்து நிமிடம் பேச்சு கிடையாது. சித்தப்பா கோஷ்டி சீட்டைக் கவிழ்த்து வைத்துவிடும். அன்றைக்கு மாலூர் வருவதற்கு முன்பே டேகலிலேயே ஜெபம் தொடங்கிவிட்டது. அக்கா பழக்கதோஷத்தில் கண்ணை மூடினார். வந்தவரும் மரியாதை தெரிந்தவர், தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

சாலமோன் அண்ணன் எல்லோருக்காகவும் ஜெபித்தார். வேலைக்குப் போகிறவர்களுக்காக, வேலை இல்லாதவர்களுக்காக, இன்ஜின் ஓட்டுநருக்காக, சிக்னல் போடுகிறவர்களுக்காக, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக, பேப்பர் திருத்தும் வாத்தியார்களுக்காக. மாலூர் போயிற்று. தேவனகொந்தி போயிற்று. வைட்ஃபீல்டில் ஏறியவர்கள் என்னவோ ஏதோவென்று நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டார்கள். உலகத்திலுள்ள எல்லா லிப்ட்களுக்காகவும் அவர் ஜெபித்தபோது, இனி பாக்கி ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. இன்னும் இரண்டு மூன்று ஸ்டேஷன் இழுத்தால் போதும், அக்கா இறங்கும் இடம் வந்துவிடும்.

அங்கேதான் அண்ணன் சறுக்கினார். இத்தனை வருடமாக ஒவ்வொரு ஜெபத்தின் முடிவிலும் கேட்டுக் கேட்டுப் பழகிய வாய். "யாராவது சாட்சி சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டார். ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை எழுந்து எல்லோர் முன்னும் சொல்வதற்குச் சாட்சி என்று பெயர். கேட்ட மறுகணம் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அக்கா எழுந்தார்.

நூறு பேர் கண்ணைத் திறந்தோம். சித்தப்பாவின் கை கவிழ்த்து வைத்த சீட்டின்மேல் அப்படியே நின்றுவிட்டது.

"ஆண்டவரு இந்த வருஷம் ஒரு பெரிய காரியம் செஞ்சிருக்காரு" என்றார் அக்கா. "வெளிய சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. ஆனா எனக்கு வயித்துல நிக்கல."

சேனல்காரர் போனை மெல்லத் தூக்கினார். நான் அக்காவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நம்ம செல்விக்குக் கல்யாணம் கூடி வந்திருக்கு" என்றார்.

நான் கையை உருவப் பார்த்தேன், அவர் விடவில்லை.

"பையன் அவ ஆபீசு. கன்னடக்காரங்க, சிந்தாமணி. நல்ல பையன், கன்டோன்மென்ட்ல ரெண்டு தடவ பாத்திருக்கேன், ரெண்டு தடவையும் என் பைய வாங்கிக்கினு படியேறி வந்தான். வீட்ல சொல்ல பயந்துக்கினு எட்டு மாசமா இந்தப் பொண்ணு தூங்கல. அவங்க சித்தப்பா மனசு எளகணும்னு எல்லாரும் ஜெபம் பண்ணுங்க."

"ஆமென்!" என்றது பெட்டி. தப்பித்தோம் என்ற சந்தோஷத்தில் வந்த ஆமென் அது. பக்கத்துப் பெட்டியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். சேனல்காரர் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்து, "கங்கிராட்ஸ்" என்றார். கே.ஆர்.புரத்தில் இறங்கி அடுத்த ரயிலைத் தேடிப் போனார்.

நான் தலை நிமிரவில்லை. கன்டோன்மென்ட் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் சித்தப்பா என் பக்கத்தில் வந்து நின்றார். கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடியே கேட்டார்: "அந்தப் பையன் சீட்டாடுவானா?"

"தெரியாது சித்தப்பா."

"கேட்டுச் சொல்லு" என்று இறங்கிப் போனார்.

வீட்டில் மூன்று வாரம் ரகளை. அம்மா சாப்பிடவில்லை, பிறகு என்னைச் சாப்பிடச் சொல்லவில்லை. கடைசியில் சித்தப்பாதான் முடித்துவைத்தார். "நூறு பேரு ஆமென் சொல்லிட்டாங்கண்ணி. நாளைக்கு நான் அதே ட்ரெயின்ல போவணும்" என்று அம்மாவிடம் சொன்னார்.

அந்த ரகளை ஓயும் நேரத்தில்தான் புத்தகம் வந்தது. அட்டையில் நீலமேகம் துப்பாக்கியோடு நிற்க, கீழே அக்காவின் முழுப் பெயர், இனிஷியலோடு. பெட்டியில் கைக்குக் கை போனது. அக்கா படிக்கவில்லை. அட்டையில் அந்த ஒரு வரியை மட்டும் விரலால் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் என் கோபம் இன்னும் தீரவில்லை. எல்லோரும் நகர்ந்ததும் கேட்டுவிட்டேன்.

"உங்க பேர காப்பாத்திக்க என் பேர இழுத்துட்டீங்களேக்கா. உங்கள நம்பித்தானே சொன்னேன்?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பத்து நாளா உங்க சித்தப்பா எப்ப நல்ல மூட்ல இருப்பாருன்னு பாத்துக்கினே இருந்தேன்டி. ஜெபத்துல சொன்னா கத்த மாட்டாருன்னு அன்னிக்குத் தோணிச்சி, சொல்லிட்டேன்." புத்தகத்தை மடியில் வைத்தார். "நீ ஒண்ணு சொல்லு. இந்தப் பொட்டியில நூறு பேரு இருக்காங்க. ஏழு மாசம் என் பேர வெளிய உடாதவங்க. அவங்கள்லாம் இருக்க, நீ ஏன் என்கிட்ட வந்து சொன்ன?"

எட்டு மாதமாக வாய் திறக்க முடியாதவள், அவர் வாயைத் தேடித்தான் போயிருக்கிறேன்.